பன்னிரண்டாவது வரிசையிலிருந்து: கச்சேரியும் சிறிய காமிராவும்

மார்கழி தொடங்குவதற்கு முன்னால் ஒரு இளைய நண்பர் வந்து கேட்டார்: 'அண்ணே, கச்சேரிக்கு எடுத்துக்கிட்டுப் போற மாதிரி சின்னதா ஒரு காமிரா வாங்கணும். எதை வாங்கலாம்?' வாயில் வந்த ஒரு பெயரைச் சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் போன பிறகுதான் அந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. வெளிச்சம் குறைந்த அரங்கில், தூரத்திலிருந்து, அசைந்துகொண்டிருக்கும் ஒரு உடலைப் படமெடுக்க வேண்டும் என்றால் ஒளியியல் கேட்பது பெரிய கண்ணாடியை, பெரிய படப்பரப்பை. அதாவது பெரிய காமிராவை. 'சின்னதா' என்ற சொல் ஒளியியலிலிருந்து வரவில்லை. அது வாசலிலிருந்து வருகிறது. வாசலில் நிற்கும் மனிதர் பையைத் திறக்கச் சொல்வார் என்ற முன்னறிவிலிருந்து வருகிறது. இருட்டு ஒன்றைக் கேட்கிறது, வாசல் அதற்கு நேர் எதிரானதைக் கேட்கிறது. கச்சேரியில் சிறிய காமிராவின் வரலாறு என்பது இந்த இரண்டுக்கும் நடுவே நடந்த பேரம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்தப் பேரம் தொடங்கிய இடம் ஜெர்மனி. 1924-ல் டிரெஸ்டனிலிருந்த எர்னமன் தொழிற்சாலை எர்மனாக்ஸ் என்றொரு காமிராவைக் கொண்டுவந்தது. லுட்விக் பெர்டெலெ என்னும் இளைஞர் வடிவமைத்த அதன் லென்ஸின் திறப்பு முதலில் எஃப் 2, பிறகு எஃப் 1.8. படத்தில் பார்த்தால் காமிராவில் லென்ஸைப் பொருத்தியது போலத் தெரியாது, லென்ஸின் பின்னால் ஒரு சின்னப் பெட்டியை ஒட்டவைத்தது போலிருக்கும். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கண்ணாடித் தகடு. அதுவரை அரங்குக்குள் படமெடுப்பது என்றால் மக்னீசியப் பொடியைக் கொளுத்த வேண்டும். வெடிப்பு, புகை, நாற்றம். எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், அந்தத் திரும்பிப் பார்த்தலே படமாகும். எர்மனாக்ஸ் இருக்கிற வெளிச்சத்தை வைத்து எடுத்தது. 1929-ல் ஸ்ட்ராவின்ஸ்கி இசைக்குழுவை ஒத்திகையில் நடத்துவதை ஃபெலிக்ஸ் மான் எடுத்த படங்கள் இந்தப் புதிய சாத்தியத்துக்குள் பிறந்தவை. இசைப்பவர் காமிராவுக்காக உட்காராமல் இசைக்காக இயங்கும்போது எடுக்கப்பட்ட படங்கள் அவை.

அதே காமிராவை வேறொருவரும் வைத்திருந்தார். எரிக் சாலமன். சட்டத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர், வழக்காடவில்லை. 1928-ல் பெர்லினில் நடந்த ஒரு கொலை வழக்கு விசாரணையைத் தொப்பிக்குள் காமிராவை ஒளித்துவைத்து எடுத்தவர். பிறகு ராஜதந்திரிகளின் மாநாடுகள், விருந்துகள் என்று அழைப்பில்லாத இடங்களுக்கெல்லாம் நல்ல உடை உடுத்திக்கொண்டு நுழைந்தார். கனவான் மாதிரி இருந்ததால் வாசல்காரர்கள் விட்டுவிட்டார்கள். சிறிய காமிராவை விடவும் அந்தக் கோட்டுதான் அவருடைய முக்கியமான கருவி என்று சொல்லலாம். யூதரான அவரை 1944-ல் ஆஷ்விட்ஸில் கொன்றார்கள். எல்லா வாசல்களிலும் நுழைந்த மனிதருக்கு முன்னால் கடைசியாகத் திறந்த வாசல் அது. இதைச் சொல்லாமல் 'ஒளிவு மறைவற்ற புகைப்படக்கலையின் முன்னோடி' என்று மட்டும் எழுதிப் போகிற புத்தகங்கள் உண்டு.

1925-ல் லைப்சிக் சந்தையில் லைக்கா வெளிவந்தது. சினிமாச் சுருளில் 24-க்கு 36 மில்லிமீட்டர் சட்டம், ஒரே சுருளில் 36 படங்கள். அதுவே பிறகு வந்த எல்லாச் சிறிய காமிராக்களுக்கும் அளவுகோலாயிற்று. காமிரா சிறிதாகிக்கொண்டே வருவதையும், ஓடி மறைகிற, மறைக்கப்பட்ட காட்சிகளைப் பிடிக்க அது தயாராகிக்கொண்டே வருவதையும் 1931-ல் வால்டர் பெஞ்சமின் கவனித்து எழுதியிருக்கிறார். அவர் மூலப்படிமத்தின் ஒளிவட்டம் பற்றிப் பேசியதையே நாம் திரும்பத் திரும்பப் பேசிக்கொண்டிருக்கிறோம். காமிராவின் கனஅளவு பற்றி அவர் சொன்னது நம் விவாதங்களில் வந்ததே இல்லை.

இங்கே நம் ஊருக்கு வருகிறேன், ஏனென்றால் எனக்குத் தெரிந்த கச்சேரி இதுதான்.

அறுபதுகள், எழுபதுகளில் ஜப்பானியர்கள் இந்தப் பேரத்தை நடுத்தர வர்க்கத்துக்குக் கட்டுப்படியாகும்படி முடித்துவைத்தார்கள். 1966-ல் யாஷிகா எலக்ட்ரோ 35, 1972-ல் கேனனட் கியூஎல் 17-ன் மூன்றாம் வடிவம். இரண்டிலும் கழற்ற முடியாத எஃப் 1.7 லென்ஸ். ஆனால் இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்து இந்தியாவில் அவை சிங்கப்பூரிலிருந்து மாமா வந்தால் வரும், இல்லையென்றால் பர்மா பஜாரில் விலை பேச வேண்டும். நம்மில் பலருக்குக் கிடைத்தது ஆக்ஃபா கிளிக் 3. பன்னிரண்டு சதுரப் படங்கள், வெயிலில் மட்டும். பிறகு எண்பதுகளில் ஹாட் ஷாட். வீட்டுக் கல்யாணத்துக்குப் போதும். சபாவின் பன்னிரண்டாவது வரிசையிலிருந்து அதை நீட்டினால் முன்வரிசைக்காரரின் வழுக்கைதான் வெள்ளை வெளேரென்று விழும், மேடை கறுப்பு. ஏஎஸ்ஏ 100 ஃபிலிமில் அந்தப் பிஞ்சு ஃபிளாஷின் எட்டுதூரம் மூன்று நான்கு மீட்டர். அரங்கில் இத்தனை பேர் ஃபிளாஷ் அடித்தார்களே, அத்தனை படங்களிலும் பதிவானது சபா ரசிகர்களின் பிடரிகளின் வரலாறு.

கணக்கைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பிறகு எல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது. வழக்கமான மேடை விளக்கில், ஏஎஸ்ஏ 400 ஃபிலிமில், எஃப் 2.8 திறப்பில் எனக்குக் கிடைத்து வந்தது ஏறக்குறைய 1/30 நொடி. எஃப் 1.7 இருந்தால் 1/80. பாடகர் காலப்பிரமாணம் போட்டுக் கையை வீசும்போது 1/30-ல் கை புகையாகிவிடும், முகம் நிற்கும். தொண்ணூறுகளில் வந்த ஜூம் வைத்த சிறிய காமிராக்களில் ஜூமை முழுக்க இழுத்தால் சிலவற்றில் எஃப் 11 வரை போகும். அப்போது அதே வெளிச்சத்துக்கு அரை நொடி. அரை நொடியில் பாடகரே இருக்கமாட்டார்.

என்னிடம் முதலில் இருந்தது அப்படிப்பட்ட ஒரு ஜூம் காமிராதான். கடன் வாங்கியது. அதற்கு ஒரு குணம், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஃபிளாஷ் தானாக உயிர்பெறும். நாம் ஒரு பொத்தானை மறுபடி மறுபடி அழுத்தி அணைக்க வேண்டும். ஒரு நாள் மறந்துவிட்டேன். தோடியில் ஆலாபனை மேல் ஷட்ஜத்தைத் தொட்டு நிற்கிற இடத்தில் அரங்கு பளீரென்றது. பாடகர் கண்ணைத் திறக்கவில்லை. பக்கத்து இருக்கைப் பெரியவர் மட்டும், 'ஏன் சார், அவரைச் சுட்டுட்டீங்களா?' என்றார். அதை விடக் கொடுமை அடுத்தது. முப்பத்தாறாவது படம் முடிந்ததும் மோட்டார் தானாகவே சுருளைத் திருப்பிச் சுற்ற ஆரம்பிக்கும், நிறுத்த முடியாது. மடியில் வைத்துத் துண்டால் பொத்திக்கொண்டேன். இருபது முப்பது நொடி, ஒரு வண்டு கத்துவது மாதிரி. சபா ஊழியர் வந்து குனிந்து, 'ஃபோட்டோ எடுக்கக் கூடாதுங்க, போர்டு பாக்கலியா?' என்றார். அதன் பிறகு ஒரு வழக்கம் பழகினேன்: கடைசி இரண்டு படங்களைத் தனி ஆவர்த்தனத்துக்கு வைத்துக்கொள்வது. மோட்டார் சுற்றுவது மிருதங்கத்துக்குள் கரைந்துவிடும். சொல்லக் கூசுகிறது, எத்தனையோ தனிகளை நான் இசையாகக் கேட்டதில்லை, மறைப்பாகவே கேட்டிருக்கிறேன்.

தனி என்றதும் இன்னொன்று. மிருதங்கக்காரர் வலந்தலை பார்வையாளர் பக்கம் இருக்க உட்காருவதால், பார்க்கிற நமக்குப் பாடகரின் இடப்பக்கத்தில் இருப்பார். அவருடைய வலது கை நமக்கு நன்றாகத் தெரியும், இடது கை மறையும். படமெடுப்பவன் அரங்கின் எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்பது இதிலிருந்தே முடிவாகிறது. பழனி சுப்ரமணிய பிள்ளை போன்ற இடக்கைக் கலைஞர் வாசித்தால் மேடையே இடம் வலமாக மாறும், பிடில்காரர் எதிர்ப்பக்கம் போக வேண்டியிருக்கும். 1962-ல் மறைந்த அவரை நான் கேட்டதில்லை. பழைய படங்களில் மேடை ஒழுங்கு புரண்டிருப்பதைப் பார்த்து, நெகடிவைத் திருப்பிப்போட்டு அச்சிட்டுவிட்டார்கள் என்று வெகுநாள் நினைத்திருந்தேன்.

சரி, ஜூம் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தெருவில் ஒரு அம்மா இருந்தார். சபாக்களில் தம்புரா போடுவார். நான் படமெடுத்த அந்தக் கச்சேரியிலும் பாடகருக்குப் பின்னால் அவர்தான். படங்கள் கழுவி வந்த அன்று வாசலில் நிறுத்தி, 'தம்பி, அன்னிக்கு நீங்க எடுத்ததுல நான் விழுந்திருக்கேனா?' என்று கேட்டார். உள்ளே போய் முப்பத்தாறையும் பரப்பிப் பார்த்தேன். பாடகரின் முகம், மூடிய கண், மைக், திறந்த வாய், மறுபடி முகம். ஒரே ஒரு படத்தின் ஓரத்தில் தம்புராவின் தண்டில் பாதியும் இரண்டு விரல்களும். அதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். 'பரவால்ல தம்பி, விரலாவது விழுந்திருக்கே' என்று சிரித்தார். மேடையில் தான் உட்கார்ந்திருக்கிற படம் ஒன்றுகூடத் தன்னிடம் கிடையாது என்றார்.

இருட்டிலோ நடுக்கத்திலோ அவர் விடுபட்டிருந்தால் நான் சும்மா இருந்திருப்பேன். அவரை விட்டது நான் ஆசைப்பட்டு வாங்கிப்போன ஜூம். பன்னிரண்டாவது வரிசையில், மேடையிலிருந்து பன்னிரண்டு மீட்டர் தள்ளி, 35 மில்லிமீட்டர் லென்ஸ் வைத்திருந்தால் மேடை முழுவதும் விழுந்திருக்கும், பாடகர் அஞ்சலட்டை அளவுப் படத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்கு இருப்பார். அது எனக்குப் போதவில்லை. முன்வரிசைச் சோபாவில் புரவலர்கள் பார்ப்பது மாதிரி பார்க்க வேண்டும் என்று ஆசை. என் டிக்கெட்டின் விலைதான் என் லென்ஸின் நீளத்தைத் தீர்மானித்தது. அந்த நீளம் முதலில் வெட்டியெறிந்தது தம்புராவை, பிறகு கடத்தை, பிறகு பிடிலை. சபாவின் படிநிலையை, அதன் கண்ணால், அதன் தடையை மீறி, நானே திரும்ப எழுதிக்கொண்டிருந்தேன். இதற்கு என்ன கலகம் வேண்டிக்கிடக்கிறது?

அதற்குப் பிறகு கையிலெடுத்தது ஒலிம்பஸ் எக்ஸ்ஏ, இரண்டாம் கை. 1979-ல் மைத்தானி யோஷிஹிசா வடிவமைத்தது. 35 மில்லிமீட்டர், எஃப் 2.8, ஜூம் கிடையாது, மோட்டார் கிடையாது, கட்டைவிரலால் சக்கரத்தை உருட்டிச் சுருளை நகர்த்த வேண்டும். ஃபிளாஷ் தனியாகக் கழன்று வரும். அதைக் கழற்றி வீட்டு அலமாரியில் வைத்துவிட்டால் தோடியை யாரும் சுட முடியாது. ஷட்டர் இதழ்வகை, சத்தம் நாக்கைச் சப்புக்கொட்டுவதை விடக் குறைவு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கோனிக்கா ஹெக்ஸார் என்று ஒன்று வந்தது. எஃப் 2 லென்ஸ், மோட்டாரை மெதுவாக்கி ஓசையடக்கி ஓட்டும் தனி ஏற்பாடு. கச்சேரிக்கென்றே செய்தது போலிருந்தது. என் வருமானத்துக்கு அது விளம்பரத்தில் பார்த்ததோடு சரி.

கோயில் வாசலில் நாகசுரம் வாசிக்கும்போது இந்தப் பேரம் எதுவும் தேவைப்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு மீட்டர் தூரத்தில் போய் நிற்கலாம். டியூப்லைட் தலைக்கு மேல். தவில்காரர் 'எடுங்க தம்பி' என்பார். தடையும் இல்லை, படமெடுக்க ஆளும் இல்லை. அதே நாகசுரம் சபாவுக்குள் வரும்போது விழாத் தொடக்கத்தில் மங்கள இசையாக, நாற்காலிகள் நிரம்பிக்கொண்டிருக்கும் நேரத்தில் வாசிக்கப்படுகிறது. யாருடைய இசைக்குக் காமிரா தடைசெய்யப்படுகிறது என்பதைவிட, யாருடைய இசைக்குத் தடை போட வேண்டிய அவசியமே நேரவில்லை என்பது பெரிய கேள்வி.

டிஜிட்டல் வந்தபோது வாசல் தன் இலக்கணத்தை மாற்றியது. மேலைநாட்டு அரங்குகளின் விதிகளில் 'தொழில்முறைக் காமிரா' என்பதற்குப் பொதுவான அடையாளம், லென்ஸ் கழற்றக்கூடியதா என்பது. கழற்றினால் தொழில், ஒட்டியிருந்தால் பொழுதுபோக்கு. ஒரு திருகுமறை ஒரு மனிதனின் நோக்கத்தைத் தீர்மானிக்கிறது. உற்பத்தியாளர்கள் கழற்ற முடியாத லென்ஸின் பின்னால் எவ்வளவு பெரிய படப்பரப்பை நுழைக்கலாம் என்று பார்த்தார்கள். ஃபிலிம் சட்டத்தின் பரப்பு 864 சதுர மில்லிமீட்டர். சட்டைப்பை டிஜிட்டல் காமிராக்களில் பெரும்பாலானவற்றில் அது 28-க்குச் சுருங்கிவிட்டது, முப்பதில் ஒரு பங்கு. 2012-ல் வந்த சோனி ஆர்எக்ஸ் 100 அதை 116-க்கு உயர்த்தியது. லென்ஸ் எஃப் 1.8 என்று முகப்பில் எழுதியிருக்கும், ஜூமை இழுத்ததும் 4.9 ஆகிவிடும், வெளிச்சத்தில் ஏழில் ஒரு பங்குதான் மிஞ்சும். ஜூமின் பழைய வரிதான், விகிதம் குறைந்திருக்கிறது. கூடவே ஒரு புது எதிரி: இருட்டில் குவியம் தேடக் காமிரா தானே அடிக்கிற ஆரஞ்சு விளக்கு. வாங்கியவுடன் முதல் வேலையாக அதை அணைத்துவிட வேண்டும்.

2010-ல் உலகம் முழுக்க 12 கோடிக்கு மேல் டிஜிட்டல் காமிராக்கள் அனுப்பப்பட்டன, பெரும்பகுதி சிறியவை. 2023-ல் எல்லா வகையும் சேர்ந்தே 80 லட்சத்தைத் தொடவில்லை. செல்பேசி வாசலைக் கடந்துவிட்டது, அதை யாரும் பையில் தேடுவதில்லை.

நண்பரிடம் நான் சொன்ன பெயர் ரிக்கோ ஜிஆர் 3, 2019-ல் விற்பனைக்கு வந்தது. எஃப் 2.8, 28 மில்லிமீட்டருக்கு இணையான லென்ஸ், ஃபிளாஷே கிடையாது. 'ஜூம் இல்லியேண்ணே' என்றார். இல்லை என்றேன். எங்கோ இரண்டாம் கையில் தேடி வாங்கிவிட்டார். முதல் கச்சேரிப் படம் ஒன்றை அனுப்பியிருந்தார். மேடை முழுக்க விழுந்திருக்கிறது. பாடகர், பிடில், மிருதங்கம், கடம், ஓரத்தில் தண்ணீர் பாட்டில்கள். பாடகருக்குப் பின்னால், அந்த அம்மா உட்கார்ந்திருக்கக்கூடிய இடத்தில் யாரும் இல்லை. எண்பதுகளிலிருந்து மேடைக்கு வந்துவிட்ட மின்னணுத் தம்புரா ஒன்று பாடகரின் முழங்காலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தேன். அதன் சிவப்பு விளக்கு எரிவது தெளிவாகத் தெரிகிறது.