இடுக்கும் கசிவும்: நிலக்கரிச் சுரங்க டீசல் எஞ்சின் மூட்டுகளின் வரலாறு

இந்திய நிலக்கரிச் சுரங்கங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் பிறந்ததற்கு ஒரு தங்கச் சுரங்கமும் காரணம். 1897இல் கோலார் தங்கவயலில் நேர்ந்த விபத்தில் 52 பேர் மடிந்தார்கள். அதை ஒட்டிய ஆண்டுகளில் பலுசிஸ்தானத்துக் கோஸ்ட் நிலக்கரிச் சுரங்கத்தில் 47 பேர் உயிரிழந்தார்கள். இந்த இரண்டு துயரங்களும் கொடுத்த நெருக்கடியில்தான் 1901ஆம் ஆண்டின் முதல் சுரங்கச் சட்டம் விரைந்து வந்தது. 1902 ஜனவரி 7 அன்று கல்கத்தாவில் திறக்கப்பட்ட சுரங்க ஆய்வு அலுவலகம் 1908இல் தன்பாத்துக்கு இடம்பெயர்ந்தது. இன்றைய சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்ககம் அதன் வழிவந்ததே.

தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த அதே கோலார் மண்ணில், அறுபது எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு நிலக்கரிச் சுரங்கங்களுக்கான புல்டோசர்கள் உருவாகத் தொடங்கின. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட பாரத் எர்த் மூவர்ஸ் நிறுவனம், அதாவது பெமல், அங்கே தொழிற்சாலை அமைத்திருந்தது. சட்டம் பிறக்கக் காரணமான ஊர், அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு ஓட வேண்டிய எந்திரங்களைச் செய்யும் ஊராகவும் ஆனது.

இக்கட்டுரை ஆராய்வது மிகச் சிறிய ஒரு பொருளை: டீசல் எஞ்சினின் மூட்டு. பட்டறையில் ‘ஜாயிண்ட்’ என்பார்கள். ஹெட்டும் பிளாக்கும் சேரும் இடம், மேனிஃபோல்டு ஹெட்டோடு சேரும் இடம், டர்போவின் கிளாம்ப், டீசல் குழாயின் நட்டு, காற்றுவடிகட்டியிலிருந்து வரும் ரப்பர் குழாயின் வாய் எல்லாம் இதில் அடங்கும். இந்த மூட்டை எதற்காகச் சோதித்தார்கள் என்ற கேள்விக்கு ஒரு காலத்தில் கிடைத்த விடை வேறு, இன்று கிடைக்கும் விடை வேறு. நிலத்தடியில், உள்ளே இருக்கும் சுடர் வெளியே வந்துவிடக் கூடாது என்பதற்காகச் சோதித்தார்கள். திறந்தவெளியில், உள்ளே இருக்கும் எண்ணெய் வெளியே வந்து சுடராகிவிடக் கூடாது என்பதற்காகச் சோதிக்கிறார்கள். இந்த மாற்றம் எப்படி நிகழ்ந்தது என்பதைத் தொடர்ந்து பார்ப்போம்.

சுடரை ஆற்றும் இடுக்கு

மீத்தேன் காற்றில் 5 முதல் 15 விழுக்காடு வரை கலந்திருந்தால் வெடிக்கும். ஒன்பதரை விழுக்காட்டை ஒட்டி வெடிப்பின் வேகம் உச்சத்தில் இருக்கும். 1815இல் ஹம்ப்ரி டேவி விளக்கைச் சுற்றிக் கம்பிவலை கட்டினார். சுடர் வலையின் கண்களில் நுழையும்போது உலோகம் அதன் வெப்பத்தை உறிஞ்சிவிடும். வாயு வெளியேறலாம், ஆனால் சுடராக வெளியேற முடியாது.

மின்சாரம் சுரங்கத்துக்குள் இறங்கியபோது இதே அறிவு வேறு வடிவம் எடுத்தது. ஜெர்மனியின் கெல்சன்கிர்ஷனில் கார்ல் பெய்லிங் 20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் நடத்திய சோதனைகள்தான் ‘ஃபிளேம்ப்ரூஃப்’ உறைக்கு அடிப்படை. இங்கே பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஃபிளேம்ப்ரூஃப் மூட்டு காற்றுப்புகாத மூட்டு அல்ல. மீத்தேன் உள்ளே போகும், வெடிக்கவும் செய்யும் என்று ஒப்புக்கொண்டே அதை வடிவமைக்கிறார்கள். வெடிப்பின் அழுத்தத்தை உறை தாங்க வேண்டும்; வெளியே பீறிடும் சூடான வாயு, அகன்ற இரண்டு உலோகப் பட்டைகளுக்கு இடைப்பட்ட மெல்லிய இடுக்கு வழியாகப் போகும்போதே ஆறிவிட வேண்டும். மீத்தேனுக்கு இந்த இடுக்கின் சோதனை எல்லை 1.14 மில்லிமீட்டர். அதற்கும் குறுகலாக இருந்தால் 25 மில்லிமீட்டர் நீளத்தைக் கடக்கும் சுடர் மறுபக்கத்து வாயுவைப் பற்றவைக்காது. சுரங்கக் கருவிகளின் தரவிதி இன்னும் கண்டிப்பானது: 25 மில்லிமீட்டர் அகலப் பட்டைக்கு அரை மில்லிமீட்டருக்கு மேல் இடுக்கு கூடாது. ஒரு மில்லிமீட்டரில் பாதி, பல நூறு பேரின் உயிருக்கு வேலியாக நிற்கிறது.

1920களின் இறுதியில் ஜெர்மன் சுரங்கங்களுக்குள் டீசல் எஞ்சின் நுழைந்தது. மின்சாரப் பெட்டிக்கு எழுதிய விதியை டீசலுக்குப் பொருத்தும் முயற்சி அப்போது தொடங்கியது. என் பார்வையில், இந்த வரலாற்றின் கடினமான முடிச்சு அங்கேதான் விழுந்தது. மின்சார சுவிட்சுப் பெட்டி சுவரில் அசையாமல் இருக்கும். உள்ளே எப்போதாவதுதான் வெடிப்பு நேரலாம். டீசல் எஞ்சினிலோ ஒவ்வொரு சுழற்சியிலும் எரிதல் நடக்கிறது. அது ஓயாமல் அதிர்கிறது. காலையில் குளிர்ந்தும் நண்பகலில் கொதித்தும் இருக்கிறது. மூச்சு விடுவதுபோல அதன் மூட்டுகள் விரிந்து சுருங்குகின்றன. சோதனைச்சாலையில் சான்று பெற்ற இடுக்கு, சில நூறு மணிநேரம் ஓடிய பிறகு அதே அளவில் இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. மின்சாரப் பெட்டிக்குச் சான்றிதழ் ஓரளவு போதுமானதாக இருந்தது. டீசலுக்கு அன்றாடப் பரிசோதனை கட்டாயமாயிற்று.

டீசலுக்கு மட்டுமே உரிய இன்னொரு ஆபத்தும் உண்டு. சுற்றியுள்ள காற்றில் மீத்தேன் இருந்தால் எஞ்சின் அதையே எரிபொருளாக உறிஞ்சிக்கொண்டு ஓடும். டீசல் வரத்தை அடைத்தாலும் நிற்காது. வேகம் ஏறிக்கொண்டே போகும். ஆகவே உள்ளிழுக்கும் காற்றுவழியையே அடைக்கும் வால்வு தேவைப்பட்டது. அந்த வால்வுக்கும் சிலிண்டருக்கும் நடுவே ஒரு மூட்டு தளர்ந்திருந்தால், வால்வை அடைத்தும் எஞ்சின் அந்த ஓட்டை வழியே மூச்சு வாங்கும்.

இதனால் நிலத்தடி டீசல் வண்டியின் பரிசோதனை முறை தனித்தன்மை பெற்றது. உள்ளிழுக்கும் வழியில் நெருக்கமாக அடுக்கிய தகடுகளாலான சுடர்த்தடுப்பான், வெளியேற்றும் வழியில் நீர்த்தொட்டி, இரண்டுக்கும் இடையே உள்ள ஒவ்வொரு மூட்டும் சோதனைக்கு உரியது. ஃபீலர் கேஜின் மெல்லிய எஃகுத் தகட்டைப் பட்டைகளின் விளிம்பெங்கும் செருகிப் பார்ப்பார்கள். அனுமதித்த அளவை மீறிய தகடு எந்த இடத்திலும் நுழையக் கூடாது. ஒரு போல்ட்டு குறைந்தாலும் வண்டி ஓடக் கூடாது. பட்டையின் முகத்தில் பெயின்ட் கூடாது. துருவைத் தடுக்க மெல்லிய கிரீஸ் பூச்சு போதும். கேஸ்கெட் இருந்தால் வெடிப்பின் அழுத்தத்தில் பிய்ந்து வெளியே வராதபடி அது பிடிபட்டிருக்க வேண்டும். அமெரிக்க விதிகள் எஞ்சினின் வெளிப்பரப்பு வெப்பத்தை 302 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள், அதாவது 150 டிகிரி செல்சியஸுக்குள், கட்டுப்படுத்தின. நிலக்கரித் தூசி படியும் பரப்புகளுக்குப் பன்னாட்டுத் தரவிதியும் அதே 150ஐத்தான் வைத்திருக்கிறது.

இந்தியாவில் இந்த அறிவுக்குத் தன்பாத் மையமானது. 1956இல் அங்கே மத்திய சுரங்க ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. அது 2007இல் எரிபொருள் ஆராய்ச்சி நிலையத்தோடு இணைந்து இன்றைய சிம்ஃபர் ஆனது. 1965 மே 28 அன்று தோரி சுரங்க வெடிப்பில் 268 பேர் இறந்தார்கள். அந்த நாளுக்குப் பிறகு ‘ஃபிளேம்ப்ரூஃப்’ என்ற சொல்லுக்கு நிலக்கரி வயல்களில் இருந்த கனத்தை விளக்கத் தேவையில்லை. ஆனாலும் நம் நிலத்தடிச் சுரங்கங்களில் டீசல் பரவலாக வேரூன்றவில்லை. இழுவைக்குக் கம்பிவடமும், நிலக்கரி அள்ள மின்சார எந்திரங்களுமே பெரும்பாலும் இருந்தன. ஜெர்மானியர் ஃபீலர் கேஜோடு டீசல் எஞ்சினைச் சுற்றிவந்த காலத்தில் நம்மவர் மின்சாரப் பெட்டிகளைச் சுற்றிவந்தார்கள். டீசல் இங்கே வேறு வாசல் வழியாக வந்தது.

பெங்களூரும் ஹால்பேக்கும்

பெமல் 1964 மே மாதத்தில் பதிவாயிற்று. பெங்களூரில் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நடத்திவந்த ரயில்பெட்டிப் பிரிவு அதனிடம் வந்தது. பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இருந்தாலும் சுரங்கங்களே அதன் பெரும் சந்தையாயின. டம்பர்களுக்கு அமெரிக்காவின் லெடூர்னோ-வெஸ்டிங்ஹவுஸின் தொழில்நுட்பம், டோசர்களுக்கு ஜப்பானின் கோமாட்சுவின் தொழில்நுட்பம். நிலக்கரி வயல்களில் ‘ஹால்பேக்’ என்ற அமெரிக்க வணிகப்பெயர் டம்பருக்கே பொதுப்பெயராகிவிட்டது. 1984இல் மைசூர் தொழிற்சாலை எழுந்தது. டம்பர் உற்பத்தியும் பின்னர் எஞ்சின் பிரிவும் அங்கே அமைந்தன.

சந்தை பெருத்ததற்குக் காரணம் தேசியமயம். கோக் நிலக்கரிச் சுரங்கங்கள் 1972இலும் ஏனையவை 1973இலும் அரசுடைமையாயின. 1975இல் கோல் இந்தியா உருவானது. அப்போது நாட்டின் நிலக்கரியில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கே திறந்தவெளிச் சுரங்கங்களிலிருந்து வந்தது. இன்று நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் அப்படித்தான் வருகிறது. முதலாண்டில் சுமார் 79 மில்லியன் டன்னாக இருந்த கோல் இந்தியாவின் உற்பத்தி 2023-24இல் 773 மில்லியன் டன்னைத் தாண்டியது. இந்த மலை மலையான மண்ணையும் நிலக்கரியையும் சுமந்தவை டீசல் டம்பர்கள்: முதலில் 35 டன், பிறகு 50, 85, 100 டன், இன்று 205 டன் ஏற்றும் வண்டிகள்.

மேலே வானம் திறந்திருந்தது. மீத்தேன் காற்றோடு போயிற்று. அரை மில்லிமீட்டர் இடுக்கின் அச்சமும் அதோடு போயிற்று என்று நினைத்திருக்கலாம். ஆனால் மூட்டின் ஆபத்து முகம் மாறியது.

கசியும் துளி

சுமை ஏற்றி மேடேறும் டம்பரின் மேனிஃபோல்டில் புகைவாயு 500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். டர்போவின் உலோகம் இருட்டில் சிவந்து தெரியும். டீசல் தானாகப் பற்றிக்கொள்ள 250 டிகிரிக்கும் குறைவான வெப்பமே போதும். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே நிற்பவை சில நட்டுகளும், செப்பு வாஷர்களும், ஓ-ரிங்குகளும்தான். டர்போவுக்கு எண்ணெய் கொண்டுபோகும் குழாயின் மூட்டு அதிர்ந்து தளர்ந்தால், மெல்லிய புகைப்பனிபோல எண்ணெய் பீறிடும். அது சிவந்த உலோகத்தைத் தொடுவதற்கு ஒரு நொடி போதும். ஓட்டுநர் தரையிலிருந்து இரண்டு மூன்று ஆள் உயரத்தில் அமர்ந்திருக்கிறார். இறங்கும் ஏணியோ பல வண்டிகளில் எஞ்சினை ஒட்டியே இருக்கிறது. இந்த அமைப்பை நான் வடிவமைப்பின் சிறு குறையாகக் கருதவில்லை. மூட்டுப் பரிசோதனையின் மனித அவசரம் முழுவதும் அந்த ஏணியில் இருக்கிறது.

இதனால் மெக்கானிக்கின் கண் பழக வேண்டிய அடையாளங்கள் மாறின. மேனிஃபோல்டு மூட்டில் கரிய புகைக்கோடு விழுந்திருந்தால் கேஸ்கெட் ஊதுகிறது என்று பொருள். அந்தச் சூட்டு ஊதல் பக்கத்து ரப்பர் குழாயை வாட்டிக் கெடுக்கும். வி-வடிவ எஞ்சினின் இரு வரிசைகளுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் எண்ணெயில் ஊறிய நிலக்கரித் தூசி குழம்பாகத் தேங்கும். கசிவு அந்தக் குழம்புக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். ஆகவே கழுவாமல் சோதிப்பது சோதனையே அல்ல. கசிகிற இடத்தைக் கையால் தடவிப் பார்க்கும் பழக்கத்தை விட்டே ஆக வேண்டும். உயர் அழுத்த டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், அட்டைத்துண்டை நீட்டிப் பார்ப்பதே முறை. ஹெட் போல்ட்டுகளை நடுவிலிருந்து இரு ஓரங்களை நோக்கி, படிப்படியாக, டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். ஓரத்திலிருந்து தொடங்கினால் கேஸ்கெட் நடுவில் புடைத்து நிற்கும்.

கசிவு மட்டுமல்ல, உறிஞ்சலும் உண்டு. காற்றுவடிகட்டிக்கும் டர்போவுக்கும் இடையிலுள்ள ரப்பர் குழாயின் கிளாம்ப் தளர்ந்தால் எண்ணெய் எதுவும் சொட்டாது, புகையும் எழாது, யாருக்கும் தெரியாது. ஆனால் மேல்மண்ணின் மணற்கல் தூசி உள்ளே போய் லைனரையும் ரிங்கையும் அரைத்துக்கொண்டிருக்கும். நிலத்தடியில் வால்வைத் தாண்டி மீத்தேனை உள்ளே விட்ட அதே மூட்டுதான் திறந்தவெளியில் மணலை உள்ளே விடுகிறது. எஞ்சின் எண்ணெயை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சிலிகானும் இரும்பும் கூடியிருக்கிறதா என்று பார்ப்பதே இதைக் கண்டுபிடிக்கும் வழி. கண்ணும் ஃபீலர் கேஜும் செய்த வேலையில் ஒரு பகுதியை இங்கே வேதியியல் ஏற்றுக்கொண்டது.

யாருடைய பொறுப்பு?

1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டத்தின் கீழ் வந்த 1957 நிலக்கரிச் சுரங்க ஒழுங்குமுறைகள் பெரும்பாலும் நிலத்தடியை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. 2017இல் வந்த புதிய ஒழுங்குமுறைகள் திறந்தவெளியின் பெரிய எந்திரங்களுக்குக் கூடுதல் இடம் கொடுத்தன. இடைப்பட்ட காலத்தில் தலைமை இயக்ககத்தின் சுற்றறிக்கைகள்தான் இடைவெளியை நிரப்பின: தீத்தாங்கும் குழாய்கள், வெப்பத் தடுப்புத் தகடுகள், தானாகத் தீயை அறிந்து அணைக்கும் அமைப்பு.

நிறுவன அமைப்பும் மாறியது. முன்பு எந்திரத்தை விற்றபின் மூட்டு சுரங்கப் பட்டறையின் பொறுப்பு. பெரிய டம்பர்களுக்குப் பராமரிப்பையும் பழுதுபார்ப்பையும் தயாரிப்பாளரே ஏற்கும் ஒப்பந்த முறை வந்தபின், சிங்ரௌலி நிலக்கரி வயலின் குழியில் தளர்ந்த கிளாம்ப்புக்குப் பெங்களூரும் மைசூரும் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. இது நல்ல மாற்றம் என்றே நினைக்கிறேன், ஒரு கவலையோடு. ஒப்பந்தம் கணக்கிடுவது எந்திரம் எத்தனை மணிநேரம் ஓடத் தயாராக இருந்தது என்பதை. மூட்டைக் கழுவி, ஆறவைத்து, வெளிச்சம் போட்டுப் பார்க்கும் நேரமோ அந்தக் கணக்கில் ஓடாத நேரமாக விழுகிறது. தானியங்கித் தீயணைப்பு வந்தபின் அந்த நேரத்தைச் சுருக்கும் ஆசை வலுக்கும்.

அந்தத் தீயணைப்பு அமைப்பின் வரைபடத்தைப் பார்த்தால், அதன் தெளிப்பு முனைகள் டர்போவையும் மேனிஃபோல்டு மூட்டையும் டீசல் பம்பின் குழாய் இணைப்புகளையும் நோக்கித் திருப்பப்பட்டிருக்கின்றன. ஷிஃப்ட் தொடங்குமுன் மெக்கானிக்கின் கைவிளக்கு போய்நிற்க வேண்டிய இடங்களும் அவையே.