உதயதாரகையும் முன்னோர் பெயர்களும்

முன்னோர் வரலாறு காணப் பழைய செய்தித்தாள்களைப் புரட்டுவார் முதற்கண் தேடுவது பெயரையே. யாழ்ப்பாணத்தைப் பொறுத்தவரை அப்பெயரே அவரை வழிதவறச் செய்தலும் உண்டு. 1841-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 7-ஆம் நாள் அமெரிக்க மிசனரிமார் தொடங்கிய 'உதயதாரகை' தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளிவந்த இதழாகும். அதன் முதல் ஆசிரியர்கள் ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் என்போர். பெயர் நோக்கி இவர்களை அயல்நாட்டார் எனக் கொள்ளுதல் எளிது. இருவரும் தமிழரே.

1823-இல் நிறுவப்பெற்ற வட்டுக்கோட்டைச் செமினரியில் பயின்ற மாணவர் பலர்க்கு, அவர்தம் கல்விக்குப் பொருளுதவிய அமெரிக்க அன்பர் விரும்பிய பெயர்கள் இடப்பெற்றன. ஆகலின் அத்தகைய பெயர் குடிவழியைக் காட்டுவதன்று, கொடையைக் காட்டுவது. உடன்பிறந்தார் இருவர் வெவ்வேறு கொடையாளரின் உதவி பெற்றிருப்பின், பெயர் கொண்டு அவர்தம் உறவை அறிதல் யாங்ஙனம்?

அவ்விதழை நெடுங்காலம் நடத்தியவரும், 1886-இல் 'பாவலர் சரித்திர தீபகம்' வெளியிட்டவருமாகிய சதாசிவம்பிள்ளையே (1820–1896) ஜே. ஆர். ஆர்னல்டு எனவும் வழங்கப்பெற்றார். இத்தகையோரை இரு பெயரிலும் தேடுதல் வேண்டும் என்பது எம் கருத்து. ஒன்றை விடுப்பின் ஒருவர் வாழ்வில் பாதி மறைந்துபோம்.

பெயர் கொண்டு சமயம் துணிதலும் பொருந்தாது. 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவராய் விளங்கிய கறோல் விசுவநாதபிள்ளை பின்னர்ச் சைவத்திற்கு மீண்டார். 'கறோல்' மட்டும் அவரை விட்டு நீங்கவில்லை.