உழைப்புக்கு உறைவிடம்: ஆரோவில் பண்ணைகளில் தன்னார்வலர் வரலாறு

அயல்நாட்டுப் பண்ணை ஒன்றில் கூலி வாங்காமல் உழைத்து, அதற்கு ஈடாகத் தங்க இடமும் சாப்பாடும் பெறும் வழக்கம் 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பரவியது. 1967 போருக்குப் பிறகு இஸ்ரேலின் கிபுட்ஸ் கூட்டுப்பண்ணைகளுக்குப் பல நாட்டு இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் சென்று, பழம் பறித்தும் மாட்டுத்தொழுவத்தில் வேலை செய்தும் அங்கேயே தங்கினார்கள். 1971இல் லண்டனில் செயலாளராகப் பணிபுரிந்த சூ கோப்பார்டு, சசெக்ஸில் உள்ள எமர்சன் கல்லூரிப் பண்ணையில் நால்வருக்கு ஒரு வார இறுதி வேலைக்கு ஏற்பாடு செய்தார். அதிலிருந்து வளர்ந்ததே இன்று பல நாடுகளில் இயங்கும் 'வூஃப்' அமைப்பு. அதன் விருந்தினர் நாளுக்கு 4 முதல் 6 மணி நேரம் இயற்கை வேளாண் பண்ணையில் கைகொடுக்கிறார்கள். பண்ணைக்காரர் உணவும் இடமும் தந்து, தொழிலும் கற்றுத்தருகிறார்.

தமிழ்நாட்டில் இவ்வழக்கம் வேரூன்றிய இடங்களில் முதன்மையானது விழுப்புரம் மாவட்டத்தில், புதுச்சேரிக்கு வடக்கே உள்ள ஆரோவில். 1968 பிப்ரவரி 28 அன்று 124 நாடுகளின் மண்ணை ஒரே தாழியில் இட்டு அந்நகரம் தொடங்கப்பட்டபோது, அந்த மேட்டுநிலம் பெரும்பாலும் வெட்டவெளி. மரங்கள் வெட்டப்பட்டு, ஆடுமாடுகள் மேய்ந்து, மழைக்காலந்தோறும் செம்மண் ஓடைகளாக அரிக்கப்பட்டுக் கடலில் கலந்துகொண்டிருந்தது. குடியேறியவர்கள் முதலில் செய்த வேலை, மண்கரை போட்டு மழைநீரைத் தேக்கியது. கன்றுகளுக்கு மாட்டுவண்டியில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றினார்கள். வேகமாக வளர்ந்து நிழலும் மூடாக்கும் தரும் ஆஸ்திரேலிய அகேசியாவை முன்னோடியாக நட்டு, அதன் காவலில் நாட்டு மரங்களை வளர்த்தார்கள்.

இந்தக் காடு அயல்நாட்டார் கையால் மட்டும் எழுந்ததல்ல. குயிலாப்பாளையம், இடையன்சாவடி முதலிய சுற்றுவட்டார ஊர்களின் உழைப்பாளிகள் கூலிக்குக் குழி வெட்டினார்கள், கரை கட்டினார்கள். அயல்நாட்டிலிருந்து வந்த தன்னார்வலர் சில வாரங்களிலோ மாதங்களிலோ திரும்பிவிடுவார். உள்ளூர்க் கைகளே ஆண்டுதோறும் வேலையைத் தொடர்ந்தன. தன்னார்வலர் வரலாற்றை எழுதும்போது அவர்களை விட்டுவிடுவது நியாயமாகாது.

உழைப்புக்கு உறைவிடம் என்ற முறையை முழு அமைப்பாகவே நடத்திக்காட்டியது சாதனா ஃபாரஸ்ட். இஸ்ரேலிலிருந்து வந்த யோரித், அவிராம் ரோசின் தம்பதியர் 2003 டிசம்பரில், ஆரோவில் எல்லையை ஒட்டி, மண் அரித்துப்போன சுமார் 70 ஏக்கரில் இதைத் தொடங்கினர். சவுக்குக் கம்பு, தென்னங்கீற்று, கயிறு ஆகியவற்றால் கட்டிய குடிசைகளில் தன்னார்வலர்கள் தங்குகிறார்கள். மின்சாரம் சூரிய ஒளியிலிருந்து. உணவு முழுக்கத் தாவர வகை. கழிப்பறைக் கழிவும் மக்க வைக்கப்பட்டு உரமாகிறது. விடியற்காலையில் முதல் வேலை காட்டில்: குழி தோண்டுதல், கன்று நடுதல், மூடாக்குப் போடுதல், கரையைச் சீராக்குதல். பிறகு சமையல், பாத்திரம் கழுவுதல், துப்புரவு என வீட்டுவேலை முறைவைத்துப் பகிரப்படுகிறது.

இங்கே மீட்கப்படுவது சோழமண்டலக் கரைக்கு உரிய வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு. வீரை, உலக்கைப்பாலை, காசா, கருங்காலி போன்ற மரங்கள் கொண்ட இக்காட்டின் எச்சங்கள் கோயில் காடுகளில்தான் பெரும்பாலும் தப்பியிருந்தன. இம்மரங்கள் மெல்ல வளர்பவை. ஒரு பருவத்தில் வந்து நட்டவர் அவற்றின் நிழலில் நிற்பது அரிது. எனவே தொடர்ந்து வந்துகொண்டிருக்கும் கைகள் இம்முறைக்கு இன்றியமையாதவை.

இவ்வழக்கத்திற்குச் சட்ட எல்லையும் உண்டு. இந்தியச் சுற்றுலா விசாவில் ஒரு மாதத்திற்கு மிகாத தன்னார்வப் பணிக்கு இடமுண்டு. ஆனால் பணமோ வேறு எந்த ஈடோ பெறக்கூடாது. தங்குமிடத்தையே ஈடாகக் கொள்ளும் ஏற்பாடுகளுக்கு இந்த விதி முக்கியமானது. பல நாடுகளில் உணவுக்கும் இடத்துக்கும் செய்யும் பண்ணைவேலையே வேலைவாய்ப்பாகக் கணக்கிடப்படுவதும் உண்டு. பயணம் புறப்படுமுன் விசா விதியைப் படித்துக்கொள்வது ஒவ்வொருவரின் கடமை.

இம்முறை ஆரோவிலோடு நிற்கவில்லை. வறண்ட தமிழ் மண்ணில் பழகிய மழைநீர்ச் சேமிப்பையும் மரநடவையும் சாதனா ஃபாரஸ்ட் 2010இல் ஹைதிக்கும், 2014இல் கென்யாவுக்கும் கொண்டுசென்றது.