குறுக்குக் காற்றும் சிறு விமானமும்

1903 டிசம்பர் 17 அன்று வட கரோலினா கடற்கரையில் ரைட் சகோதரர்களின் விமானம் நான்கு முறை பறந்தது. நான்காம் முறை 59 விநாடிகளில் 852 அடி பறந்து மணலில் இறங்கியபோது முன்பக்கச் சட்டம் ஒடிந்தது. அதைச் சரிசெய்திருக்கலாம். ஆனால் சற்று நேரத்தில், தரையில் நின்றிருந்த விமானத்தைப் பலத்த காற்று ஒன்று புரட்டிப் போட்டது. பிடித்து நிறுத்தப் போன உதவியாளர் ஜான் டேனியல்ஸும் அதோடு உருண்டார். அந்த விமானம் மறுபடி பறக்கவே இல்லை.

தொடக்ககால விமானத் தளங்கள் வெறும் புல்வெளிகள். விமானி காற்றின் திசை காட்டும் துணிப்பையைப் பார்த்துவிட்டு, காற்று எந்தப் பக்கமிருந்து வந்தாலும் அதை எதிர்கொண்டே இறங்குவார். எதிர்காற்றில் தரைவேகம் குறையும். ஓடித் தீர்க்க வேண்டிய தூரமும் குறையும். விமானங்கள் கனத்தபோது புல்தரை தாங்கவில்லை. கான்கிரீட் ஓடுபாதைகள் வந்தன. இறங்கும் திசையும் அவற்றோடு நிலைத்துவிட்டது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரிட்டனின் விமானப்படைத் தளங்கள் பலவற்றில் ஒன்றையொன்று வெட்டும் மூன்று பாதைகள் போட்டதற்குக் காரணம் காற்றுதான்.

ஒரே பாதை உள்ள இடத்தில் குறுக்குக் காற்றைத் தவிர்க்க வழியில்லை. அன்றைய சிறு விமானங்களின் அமைப்போ அதற்கு ஒத்துவரவில்லை. முன்னே இரண்டு சக்கரம், வாலில் ஒரு சிறு சக்கரம். எடையின் மையம் முன்சக்கரங்களுக்குப் பின்னால் இருப்பதால், தரை தொட்டபின் காற்று வாலைச் சற்றே தள்ளினாலும் அந்தத் திருப்பம் தானாகவே வளரும். சுக்கானை உடனே மிதிக்காவிட்டால் விமானம் சுழன்று, இறக்கை நுனி தரையில் உரசும், சக்கரக் கால் மடங்கும். விமானிகள் இதைக் ‘கிரவுண்ட் லூப்’ என்பார்கள். உயிர்ச்சேதம் அரிது, பழுதுபார்க்கும் செலவு அரிதல்ல.

மூன்றாம் சக்கரத்தை மூக்குக்குக் கீழே மாற்றியதுதான் பெரிய தீர்வு. எடை மையம் முதன்மைச் சக்கரங்களுக்கு முன்னால் வந்ததால், கோணலாக இறங்கிய விமானமும் தானே நேராகப் பார்க்கும். ஃபிரெட் வைக் வடிவமைத்து 1940-இல் சந்தைக்கு வந்த எர்கூப் என்ற சிறு விமானம், இதை நம்பிச் சுக்கான் மிதிகளையே விட்டுவிட்டது; துணிச்சல்தான்! 1956-இல் வந்த செஸ்னா 172 இந்த அமைப்பைச் சிறு விமானங்களின் பொதுவழக்காக்கியது.

ஆனாலும் விமானியின் வேலை தீரவில்லை. மூக்கைக் காற்றின் பக்கம் திருப்பி வந்து கடைசியில் நேராக்குவது ஒரு முறை. காற்று வரும் பக்க இறக்கையைத் தாழ்த்தி, எதிர்ச்சுக்கான் கொடுப்பது இன்னொரு முறை. கணக்கிட வேண்டியது காற்றின் முழு வேகம் அல்ல, குறுக்கே தள்ளும் பங்கு: பாதைக்கு 30 பாகைச் சாய்வில் 20 நாட் காற்று வீசினால் அது 10 நாட்.

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 1,200 மீட்டருக்குக் குறைந்த ஓடுபாதையை நாடும் விமானங்களுக்குக் குறுக்குக் காற்றின் எல்லையாகக் கொள்வதும் அதே 10 நாட்தான். தளத்தைத் திட்டமிடும்போது 95 சதவீத நேரமாவது குறுக்குக் காற்று இந்த எல்லையைத் தாண்டாதபடி பாதைகளை அமைக்க வேண்டும் என்கிறது அதன் பரிந்துரை.