எண்ணும் இடமும்: விவிலிய மேற்கோள் குறிப்பின் வரலாறும் இணையக் குறிமொழியும்

விவிலியத்தின் ஓரிடத்தைக் குறிக்க 'யோவான் 3:16' என எழுதும் வழக்கம் இன்று உலகெங்கும் நிலைபெற்றுள்ளது. நூற்பெயர், அதிகார எண், வசன எண் ஆகிய மூன்றும் தெரிந்தால் எம்மொழிபெயர்ப்பிலும் அவ்விடத்தை அடைந்துவிடலாம் என்பது பொதுவான நம்பிக்கை. 2000களின் நடுப்பகுதியில், இத்தகைய குறிப்புகளை இணையப் பக்கங்களில் கணினியும் இனங்காணுமாறு எளிய குறிமொழியால் அடையாளப்படுத்தும் முயற்சிகள் தொடங்கின. அந்நம்பிக்கை எவ்வளவு தளர்வானது என்பதை அம்முயற்சிகளே புலப்படுத்தின எனலாம். எண்முறை உருவான வரலாற்றைச் சுருங்கக் கூறி, அதனைத் தமிழ் விவிலியங்களுக்குப் பொருத்துங்கால் எழும் சிக்கல்களை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

எண்ணுக்கு முன்

எண் வருவதற்கு முன்னரும் மேற்கோள் இருந்தது. மாற்கு நற்செய்தியில் (12:26) இயேசு யாத்திராகமத்தின் ஒரு பகுதியைச் சுட்டும்போது, முட்செடியைப் பற்றிய பகுதி என்றே குறிப்பிடுகிறார். எபிரெயருக்கு எழுதப்பட்ட நிருபத்தின் ஆசிரியர் (2:6) சங்கீதம் ஒன்றை எடுத்தாளும்போது, ஓரிடத்தில் ஒருவர் இவ்வாறு கூறியிருக்கிறார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். கேட்போர் நூலை நெஞ்சில் கொண்டவர்கள் என்பதே இதன் அடிப்படை. நம் உரையாசிரியர்களும் செய்யுளின் முதற்குறிப்பைத் தந்து 'என்புழியும்', 'எனவும் வரும்' என்று கடந்துபோவதை இதனோடு ஒப்பிடலாம். எவ்விடத்து வரும் என அவர்கள் கூறாமையால், அவற்றின் இருப்பிடங்களைத் தேடிக் காண்பதே பிற்காலப் பதிப்பாசிரியர்களின் பெரும்பணியாயிற்று.

புதிய ஏற்பாட்டில் எண்ணால் சுட்டும் இடம் ஒன்று உண்டு. அப்போஸ்தலருடைய நடபடிகளில் (13:33) 'இரண்டாம் சங்கீதம்' எனக் குறிப்பு வருகிறது. ஆனால் பேசா சுவடி எனப்படும் பழஞ்சுவடியில் அவ்விடத்து 'முதலாம் சங்கீதம்' என்ற பாடமே காணப்படுகிறது. முதலிரு சங்கீதங்களையும் ஒன்றாகக் கொண்ட வழக்கு இருந்தமைக்கு இப்பாடம் சான்றாகக் காட்டப்படுவதுண்டு. எண்ணால் குறிக்கத் தொடங்கிய அந்நாளிலேயே எண் வேறுபாடும் உடன் வந்துவிட்டது.

ஓரத்தில் எழுதிய செந்நிற எண்

இன்றைய இணையக் குறிமொழிக்கு மிக நெருங்கிய முன்னோடி கி.பி. நான்காம் நூற்றாண்டில் யுசேபியஸ் அமைத்த அட்டவணைமுறையாகும். நான்கு நற்செய்திகளும் சிறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் தொடர் எண் இடப்பட்டது. மத்தேயு மட்டும் 355 பகுதிகளாக அமைந்தது. ஓரத்தில் எழுதிய பகுதியெண்ணுக்குக் கீழே செந்நிற மையில் மற்றோர் எண் இடம்பெறும். அது பத்து அட்டவணைகளுள் எதனைப் பார்க்கவேண்டும் என்பதைச் சொல்லும். முதல் அட்டவணை நால்வரும் கூறும் செய்திகளுக்கு உரியது. பத்தாவது ஒருவர் மட்டுமே கூறுவனவற்றுக்கு உரியது. படிப்பவர் ஓர் இடத்தில் நின்று, செந்நிற எண்ணைக் கண்டு, அட்டவணைக்குச் சென்று, அங்கிருந்து பிற நற்செய்திகளின் இணைப் பகுதிகளுக்குப் போகலாம். கார்ப்பியானுஸ் என்பவருக்கு எழுதிய கடிதத்தில் இம்முறையை யுசேபியஸே விளக்கியுள்ளார்.

இதில் ஊன்றி நோக்கத்தக்கது ஒன்று. முன்னர் நற்செய்திகளை ஒப்பிட முயன்ற அம்மோனியஸ், மத்தேயுவின் வரிசைக்கேற்பப் பிற நூல்களை வெட்டி அருகே அடுக்கினார் என்றும், அதனால் அவற்றின் தொடர் படிப்பு சிதைந்தது என்றும் யுசேபியஸ் கருதினார். ஆகவே நூலைத் தொடாமல் ஓரத்தில் மட்டும் எழுதினார். மூலத்தைச் சிதைக்காது அதன்மீது உறவுகளைக் காட்டுதல் என்னும் இந்நெறியே பிற்காலக் குறிமொழியாளர்களின் நெறியும் ஆகும். அவர்களுள் எத்தனை பேர் யுசேபியஸை எண்ணிப் பார்த்தனரோ!

அதிகாரமும் வசனமும்

இன்றைய அதிகாரப் பிரிப்பு, 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிசில் கற்பித்து, பின்னர்க் கேன்டர்பரிப் பேராயரான ஸ்டீபன் லாங்டனோடு இணைத்துப் பேசப்படுகிறது. பல ஊர்களிலிருந்து வந்த மாணவர்கள் வெவ்வேறு பிரிப்புடைய படிகளை வைத்துக்கொண்டு ஒரே வகுப்பில் அமர்ந்த நிலையில் பொது எண் தேவைப்பட்டது. அந்நூற்றாண்டிலேயே, செயின்ட் ஷேர் ஹியூ என்பாரின் தலைமையில் பாரிசின் தொமினிக்கத் துறவிகள் சொல்லடைவு ஒன்றைத் தொகுத்தனர். அவர்கள் ஒவ்வோர் அதிகாரத்தையும் ஏழாகப் பகுத்துக் கொண்டு, அப்பகுதிகளை முதல் ஏழு இலத்தீன் எழுத்துகளால் சுட்டினர். தேடுவோரின் தேவையே எண்ணைப் பெற்றெடுத்தது என்பதற்கு இது நல்ல சான்று.

எபிரேய நூல்களில் வசன எல்லை மசோரா அறிஞர்களால் முன்பே குறிக்கப்பட்டிருந்தது, எண் இல்லை. 15ஆம் நூற்றாண்டில் ஈசாக்கு நாத்தான் என்னும் யூத அறிஞர் தம் எபிரேயச் சொல்லடைவுக்குக் கிறித்தவர்களின் அதிகார எண்களையே ஏற்றுக்கொண்டார். 1528இல் லியோனில் வெளிவந்த பாக்னினோவின் இலத்தீன் விவிலியம் வசனங்களுக்கு எண் இட்டது. எனினும் புதிய ஏற்பாட்டில் அவர் கொண்ட வசனங்கள் நீளமானவை, அவை நிலைக்கவில்லை. நிலைத்தது, அச்சகத்தாரான ராபர்ட் எஸ்தியேன் 1551இல் வெளியிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டின் பிரிப்பு. பாரிசிலிருந்து லியோன் செல்லும் பயணத்தினூடே தம் தந்தையார் இப்பணியைச் செய்ததாக அவர் மகன் ஹென்றி எழுதிவைத்தார். குதிரை குலுங்கியபோதெல்லாம் கோடு தவறான இடத்தில் விழுந்தது எனப் பின்னர்க் கேலி பேசுவோர் தோன்றினர். அது கதையே, ஆயினும் சில வசனங்களின் எல்லை அக்கதையை நம்பத் தூண்டுவது உண்மை.

எண்கள் பிறழும் இடங்கள்

எபிரேய மரபில் தனித்தனியாக உள்ள 9, 10ஆம் சங்கீதங்கள் கிரேக்க மொழிபெயர்ப்பிலும், அதனைத் தழுவிய இலத்தீன் வுல்காத்தாவிலும் ஒன்றாக அமைந்துள்ளன. இதனால் அதன்பின் பெரும்பாலான சங்கீதங்களின் எண் ஒன்று குறைகிறது. ஆயர் சங்கீதம் எபிரேய மரபில் 23, வுல்காத்தாவில் 22. வுல்காத்தா எண்ணைக் கொண்ட பழைய கத்தோலிக்க நூலொன்றில் 'சங்கீதம் 22' எனக் கண்டு, அதனைச் சீர்திருத்த சபையினரின் விவிலியத்தில் தேடும் ஆய்வாளர் ஆயரைக் காணார். சிலுவைப்பாட்டோடு இணைத்துப் படிக்கப்படும் துயரப் பாடலையே காண்பார். யோவேல் எபிரேயத்தில் நான்கு அதிகாரம், ஆங்கில மரபில் மூன்று. மல்கியா அங்கு மூன்று, இங்கு நான்கு. சங்கீதத் தலைப்புகளை எபிரேயப் பதிப்புகள் வசனமாக எண்ணுவதால், ஆங்கிலத்தில் 51:1 என்பது அங்கு 51:3 ஆகிறது.

இவற்றினும் சுவையானது உரை நீங்கியபின் நிற்கும் எண். அப்போஸ்தலருடைய நடபடிகள் 8:37 பழஞ்சுவடிகள் பலவற்றில் இல்லாமையால், ஆய்வுப் பதிப்புகள் அதனை மூலத்தில் சேர்ப்பதில்லை. எண்கள் 36லிருந்து 38க்குத் தாவுகின்றன. புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் கிட்டாதபோதும் அவ்வெண்களுக்குரிய இடம் விடப்பட்டிருப்பதும், பதிற்றுப்பத்தின் முதற்பத்து மறைந்தமையால் கிடைக்கும் முதற்பாடல் 11 என எண்ணப்படுவதும் ஈண்டு நினையத்தக்கன.

குறிமொழி செய்தது என்ன?

இணையப் பக்கத்தின் மொழியில், 'சைட்' என்னும் உறுப்பு மேற்கோளின் மூலத்தைச் சுட்டுவதற்கு உரியதாக 1999ஆம் ஆண்டின் தரவரையறை கூறியது. விவிலியக் குறிப்பை அவ்வுறுப்பினுள் அடைத்து, அதன் வகையைக் கூறும் பண்புக்கூறில் 'பைபிள்ரெஃப்' என எழுதி, தலைப்புக்குரிய பண்புக்கூறில் முழுக்குறிப்பையும் தருவதே முன்மொழியப்பட்ட எளிய முறை. அதன்படி, கட்டுரையாளர் 'அடுத்த வசனத்தில்' என்று மட்டும் எழுதினாலும், கண்ணுக்குத் தெரியாத தலைப்பில் 'யோவான் 3:17' என இருக்கும். படிப்பவர் காண்பது ஒன்று, பொறி பெறுவது மற்றொன்று. யுசேபியஸின் ஓர எண் இங்குச் சொல்லின் பின்புறம் ஒளிந்துகொண்டது.

இதன் வலிமை எளிமை. பக்கம் எழுதத் தெரிந்த எவரும் பின்பற்றலாம். இதன் குறையும் அதுவே: 'சங்கீதம் 22' எனத் தலைப்பில் எழுதினால் எம்மரபின் 22 என்பது பதிவாவதில்லை. ஏறத்தாழ அதே காலத்தில், அமெரிக்க விவிலியச் சங்கமும் விவிலிய இலக்கிய ஆய்வுக் கழகமும் ஆதரித்து உருவான ஓசிஸ் என்னும் விரிந்த குறிமுறை, நூற்சுருக்கம், அதிகாரம், வசனம் ஆகியவற்றைப் புள்ளியால் பிரித்து எழுதுவதோடு, எப்பதிப்பின் எண் என்பதை முன்னொட்டாகக் கூறவும் இடமளித்தது. ஆனால் அதனைக் கையாளப் பயிற்சி வேண்டும். எளியது பரவலாம், ஆய்வுக்குப் போதாது. நுணுக்கமானது போதும், பலர் கைக்கொள்ளார். எனினும் எளிய முறையிலேயே மரபின் பெயரைத் தலைப்பில் சேர்த்து எழுதுவதைத் தடுப்பது எதுவுமில்லை. 'சைட்' உறுப்பின் பொருளும் பிற்காலத்தில் மாறியது. இன்றைய தரவரையறை அதனைப் படைப்பின் பெயருக்கு மட்டும் உரியதாக்கிவிட்டது. குறிமொழிக்கும் சொற்பொருள் மாற்றம் உண்டு.

தமிழ் விவிலியங்களில்

தரங்கம்பாடியில் 1714-15இல் சீகன்பால்குவின் புதிய ஏற்பாடு அச்சேறியதிலிருந்து தமிழில் பல மொழிபெயர்ப்புகள் தோன்றியுள்ளன. பழைய பெயர்ப்பின் ஆதியாகமம், யாத்திராகமம், சங்கீதம் என்பன, கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையினரும் இணைந்து உருவாக்கி 1995இல் வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பில் தொடக்க நூல், விடுதலைப் பயணம், திருப்பாடல்கள் ஆயின. 'சங். 23', 'திபா 23' இரண்டும் ஒன்றே என்பது நமக்குத் தெரியும். சொல்லாவிடில் பொறிக்குத் தெரியாது. எழுத்துத் தொடரைக் கொண்டு குறிப்புகளைத் தாமே கண்டறியும் நிரல்கள் தமிழில் தடுமாறும் இடங்கள் பல. 'எண்' என்பது எண்ணாகமத்தின் சுருக்கமா, இலக்கத்தைக் குறிக்கும் சொல்லா? 'யோவான் 3' நற்செய்தியின் மூன்றாம் அதிகாரம். '3 யோவான்' தனி நிருபம். வேற்றுமை உருபு மற்றொரு சிக்கல். 'யோவான் 3:16இல்' என எழுதும்போது குறியின் எல்லை எண்ணோடு முடியவேண்டும். 'மத்தேயுவின் ஐந்தாம் அதிகாரத்தில்' என எழுதினால் எல்லை எங்கே முடியும்? எழுதுபவரே கையால் குறியிடும் எளிய முறைக்குத் தமிழில் கூடுதல் மதிப்பு உண்டு என்று இதனால்தான் கருதுகிறேன்.

'அதிகாரம்' என்ற சொல்லையே விவிலிய மொழிபெயர்ப்பாளர்கள் நம் இலக்கண, நீதி நூல்களின் வழக்கிலிருந்து எடுத்துக்கொண்டனர். அவ்வழக்கிலும் எண் உறுதியானதன்று. திருக்குறளுக்கு நாம் வழங்கும் 1 முதல் 1330 வரையிலான எண்கள் பரிமேலழகர் வைப்புமுறையைச் சார்ந்தவை. மணக்குடவர் உரையில் அதிகாரத்துள் குறள்களின் வரிசை பலவிடத்து வேறு. தொல்காப்பியத்தில் இளம்பூரணர் ஒரு நூற்பாவாகக் கொண்டதை நச்சினார்க்கினியர் பிரித்துக் கொண்ட இடங்கள் உள்ளன. அவ்விடத்திலிருந்து இயல் முடியும் வரை எண்கள் விலகுகின்றன. உரையாசிரியர் பெயரின்றித் தொல்காப்பிய நூற்பா எண் மட்டும் தரும் கட்டுரைகள் நம் ஆய்விதழ்களில் அரிதல்ல. அவற்றை மின்வடிவில் ஏற்றிக் குறியிடத் தொடங்குபவர், ஒவ்வொரு எண்ணுக்கும் எவ்வுரை என்பதை மூலத்தோடு ஒப்பிட்டு முதலில் கண்டறிய வேண்டியிருக்கும்.