149 டாலர் சிப்பும் மலிவு எஸ்.எம்.பி.எஸ்ஸும்

காமர்ஸ் படிக்கிறவனுக்கு ப்ராசஸரோடு என்ன வேலை என்று கேட்பீர்கள். கம்பெனி குறித்துக் கொடுத்த வேகத்தைத் தாண்டி ப்ராசஸரை ஓட்டுவதற்கு ஓவர்கிளாக்கிங் என்று பெயர். அதன் வரலாற்றைப் புரட்டினால் எல்லாமே வரவு செலவுக் கணக்குதான் :-)

1998 ஆகஸ்ட் 24. இன்டெல் அன்று வெளியிட்ட சிப்களில் இரண்டை மட்டும் பார்ப்போம். பென்டியம் 2, 450 மெகாஹெர்ட்ஸ், விலை 669 டாலர். செலரான் 300ஏ, 300 மெகாஹெர்ட்ஸ், விலை 149 டாலர். கால்வாசி விலைகூட இல்லை.

செலரானுக்கு 300 எப்படி வந்தது? மதர்போர்டின் பஸ் வேகம் 66 சொச்சம். அதை 4.5-ஆல் பெருக்கினால் 300. அந்த 4.5-ஐ யாரும் மாற்றமுடியாதபடி இன்டெல் பூட்டிவிட்டது. ஆனால் பஸ்ஸைப் பூட்டவில்லை! ஏபிட் பிஎச்6 மாதிரி போர்டுகளில் பயாஸுக்குள் போய் 66-ஐ 100 ஆக்கினால், 4.5 × 100 = 450. செலரானில் 128 கேபி கேஷ்தான், ஆனால் ப்ராசஸரின் முழு வேகத்தில் ஓடியது. பென்டியத்தில் 512 கேபி இருந்தும் பாதி வேகம்தான். அதனால் கேம் ஆடுகிறவர்களுக்குப் பெரிய வித்தியாசமே தெரியவில்லை. 149 டாலருக்கு 669 டாலர் சரக்கு!

சரி, இது சும்மா கிடைத்த லாபமா? இங்கேதான் மின்சாரம் வருகிறது. சிப் இழுக்கும் மின்சாரம் வேகத்துக்கு ஏற்ப ஏறும்; வோல்டேஜுக்கோ அதன் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். வேகத்தை ஒன்றரை மடங்காக்கி, வோல்டேஜை 2.0-லிருந்து 2.2-க்கு ஏற்றினால், 1.5 × 1.21, கிட்டத்தட்ட 1.8 மடங்கு. செலரான் 300ஏ இழுத்ததே 20 வாட்டுக்குள்தான். 1.8 மடங்கானாலும் 36 வாட். கேபினெட்டோடு வந்த சாதாரண எஸ்.எம்.பி.எஸ்ஸே அதைத் தாங்கிவிட்டது. "எஸ்.எம்.பி.எஸ்ஸுக்கெல்லாம் காசு போடுவானேன்" என்ற எண்ணம் வர இது போதாதா?

காலம் மாறியது. 2000-ல் பென்டியம் 4-ஐ ஒட்டி, ப்ராசஸருக்கென்றே தனியாக 12 வோல்ட் நாலு பின் கனெக்டர் வந்தது. 2005-ல் வந்த பென்டியம் டி 840-க்கு இன்டெல் குறித்த அளவு 130 வாட். வேகத்தை 20 சதவீதமும் வோல்டேஜை 10 சதவீதமும் ஏற்றினால் ஏறக்குறைய 190 வாட். 12 வோல்ட்டில் அது 16 ஆம்பியர், ப்ராசஸருக்கு மட்டும்! கிராபிக்ஸ் கார்டு, ஹார்ட் டிஸ்க் கணக்கு தனி.

மலிவு எஸ்.எம்.பி.எஸ்ஸின் சூட்சுமமும் இங்கேதான். ஸ்டிக்கரில் 400 வாட் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அது சில நொடிகளுக்கு மட்டும் தாங்குகிற உச்ச அளவாக இருக்கலாம். அல்லது பாதி வாட் 5 வோல்ட், 3.3 வோல்ட் பக்கம் போயிருக்கலாம். ப்ராசஸருக்கு வேண்டியது 12 வோல்ட்டில் எத்தனை ஆம்பியர் என்பதுதான். பற்றாவிட்டால் வோல்டேஜ் இறங்கும், சிஸ்டம் தொங்கும், தானாக ரீஸ்டார்ட் ஆகும். பாதுகாப்பு சர்க்யூட்டிலும் காசு மிச்சம் பிடித்திருந்தால், போகும்போது மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போகும்.

இன்டெல்லும் பாடம் படித்தது. 2011 ஜனவரியில் சாண்டி பிரிட்ஜ் வந்தபோது பஸ் வழியையும் கிட்டத்தட்ட அடைத்துவிட்டது. ஐ5-2500 விலை 205 டாலர், பூட்டுத் திறந்த 2500கே 216 டாலர். வாங்குகிறவர்கள் கண்டுபிடித்த சந்துக்கு கம்பெனியே டோல்கேட் போட்டுவிட்டது!

ஆக, 1998-ல் கிடைத்த 520 டாலர் லாபம் உண்மை. சிப் கொஞ்சமாக மின்சாரம் குடித்த காலத்தின் லாபம் அது. பிறகு வந்த சிப்களில் அதே லாபத்தைத் தேடியவர்கள், ப்ராசஸரில் மிச்சம் பிடித்ததில் ஒரு பங்கை எஸ்.எம்.பி.எஸ்ஸுக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. எங்கள் பாடத்தில் சொன்னால், செலவு குறையவில்லை, வேறு தலைப்புக்கு மாறியது. அந்தத் தலைப்பைக் காலியாக விட்டால், பிறகு நஷ்டக் கணக்கில்தான் எழுத வேண்டும்.