மைனாட் 5வது படைக்கலப் பிரிவு

அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில், கனடா எல்லைக்கு அருகே உள்ள மைனாட் விமானப்படைத் தளத்தைச் சேர்ந்த பராமரிப்புப் பிரிவு. 5வது குண்டுவீச்சு விமான அணியின் கீழ் இயங்கியது. பி-52 விமானங்கள் சுமக்கும் குண்டுகளையும் ஏவுகணைகளையும் கிடங்கில் பாதுகாப்பது, சோதிப்பது, பழுது பார்ப்பது, ஓடுதளம் வரை கொண்டு சேர்ப்பது இதன் வேலை. 2007இல் இந்தப் பொறுப்பில் அணு ஆயுதங்களும் இருந்தன. பிரிவின் பெயர் வெளியுலகுக்குத் தெரிய வந்ததும் அந்த ஆண்டில்தான்.

ஏஜிஎம்-129 வகை ஏவுகணைகளை ஓய்வுபெறச் செய்ய முடிவாகி, அவை அணுகுண்டுகள் கழற்றப்பட்டு லூசியானா மாநிலத்தின் பார்க்ஸ்டேல் தளத்துக்குத் தவணை தவணையாகப் போய்க்கொண்டிருந்தன. குண்டு இருந்த இடத்தில் போலிச் சுமை வைக்கப்படும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஏவுகணை உடலில் உள்ள தபால்தலை அளவுச் சாளரத்தில் டார்ச் அடித்துப் பார்த்தால்தான் உள்ளே இருப்பது எது என்று தெரியும்.

ஆகஸ்ட் 29 காலை, கிடங்கிலிருந்து எடுக்க வேண்டிய ஏவுகணைகளின் பட்டியல் மாறியிருந்தது. கீழ்மட்டத்தில் கையிலிருந்த தாளில் அந்த மாற்றம் ஏறவில்லை. ஆறு ஏவுகணைகள் பூட்டிய தாங்கி ஒன்று டபிள்யூ-80 அணுகுண்டுகளோடு அப்படியே வெளியே வந்தது. கிடங்கில் எடுத்தவர்கள், வண்டியில் இழுத்துச் சென்றவர்கள், பதிவேட்டில் சரிபார்க்க வேண்டியவர்கள், விமானத்தில் பூட்டியவர்கள் என எவரும் அதைக் கண்டுபிடிக்கவில்லை. இரவு முழுவதும் விமானம் சிறப்புக் காவல் இல்லாமல் நின்றது. மறுநாள் புறப்படுமுன் சோதித்த விமானக் குழுவினரும் போலிச் சுமை ஏவுகணைகள் பூட்டியிருந்த மறுபக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்தியடைந்தனர். பார்க்ஸ்டேலில் இறக்க வந்த ஊழியர்கள்தான் இரவில் அதைக் கண்டனர். அதற்குள் ஏறத்தாழ 36 மணி நேரம் ஓடியிருந்தது. டபிள்யூ-80இன் உச்ச வெடிதிறன் 150 கிலோடன். ஹிரோஷிமா குண்டைப் போல் சுமார் பத்து மடங்கு. வெடிப்பதற்கான நிலையில் அவை இல்லை என்று விமானப்படை கூறியது. ஆனாலும் அணு ஆயுதம் ஏந்தி வானில் ரோந்து சுற்றும் வழக்கத்தையே அமெரிக்கா 1968இல் கைவிட்டிருந்தது.

இதை யாரோ ஒருவரின் கவனக்குறைவு என்று முடித்துவிட முடியாது. தடைகள் பல இருந்தன. ஒவ்வொருவரும் தமக்கு முந்தியவர் பார்த்திருப்பார் என்று நம்பினார்கள். அணுகுண்டு உள்ளவையும் இல்லாதவையும் ஒரே கிடங்கில் வைக்கப்பட்டிருந்ததும், விதிப்புத்தகத்தைவிடப் பழக்கவழக்கம் மேலோங்கியிருந்ததும் விசாரணைகளில் வெளிவந்தன. பிரிவின் தலைமை அதிகாரி உடனடியாகப் பொறுப்பிலிருந்து விலக்கப்பட்டார். பின்னர் மூன்று கர்னல்களும் பதவி இழந்தனர். அணு ஆயுதங்களைக் கையாளும் தகுதிச்சான்று பலரிடமிருந்து பறிக்கப்பட்டது.

2008 மார்ச்சில் இன்னொரு குளறுபடி அம்பலமானது: ஹெலிகாப்டர் பேட்டரிகள் என்று நினைத்து ஏவுகணை முகப்புப் பாகங்களைத் தைவானுக்கு அனுப்பியிருந்தார்கள். அந்த ஜூனில் விமானப்படைச் செயலர் மைக்கேல் வின், தலைமைத் தளபதி மைக்கேல் மோஸ்லி இருவரும் பதவி விலகினர். அணு ஆயுதப் பொறுப்புகளை ஒரே தலைமையின் கீழ் கொண்டுவர, உலகளாவிய தாக்குதல் கட்டளையகம் 2009 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. ஏஜிஎம்-129 ஏவுகணைகள் 2012இல் முற்றிலுமாக விலக்கப்பட்டன. அதே டபிள்யூ-80 குண்டைத் தாங்கும் பழைய ஏஜிஎம்-86பி ஏவுகணைகளுக்கான பி-52 விமானங்கள் இப்போதும் மைனாட்டில் நிறுத்தப்பட்டுள்ளன.